எஞ்சினை இறக்காமல்

லாரியைப் பற்றி வெகு நாள் வரையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அதை வாங்குவதற்காக எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தில், ஜாமீன்தாரர் என்று போட்டிருந்த இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்ப்பவனுக்கு மாதம் தவறாமல் சம்பளம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், கடன் கொடுப்பவர்கள் அவன் கையெழுத்தைப் பெரிதாக மதிக்கிறார்கள். அவனும் அந்த மதிப்பில் மயங்கிக் கையெழுத்தைப் போட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு லாரிக்குத் தலைவலி என்றால் அவனுக்குக் காய்ச்சல் வருகிறது.

லாரி என் அக்காளின் கணவருடையது. அவரை நான் மாமா என்று அழைப்பது வழக்கம். அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டுச் சீமையிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர். தகப்பனாரும் அங்கேயே உழைத்து ஓய்ந்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது மாமாவுக்கு இருபது வயது. அவ்வூர்ப் பிள்ளைகள் பலரையும் போல அவரும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோனார். பிறகு பல முதலாளிகளிடம் லாரி ஓட்டினார். பிறகு லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவிலேயே குடிவந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், இரண்டு கை மாறிய ஒரு சிறு லாரியைத் தமக்கென்று வாங்கினார். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். கோலாரில் தக்காளி ஏற்றிப் பெங்களூரில் இறக்குவது தொழில். வாங்குகிற சமயத்தில் கடனுக்கு மேல் குறைந்த தொகைக்கு அக்காளின் வளையல்கள் போயின. அவை இன்னும் திரும்பி வரவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், கோலாருக்கு உட்புறமான ஒரு கிராமத்துப் பாதையில், தண்ணீர் நின்ற பள்ளத்துக்குள் ஒளிந்திருந்த பாறாங்கல் ஒன்று வண்டியின் அடிவயிற்றில் இடித்தது. சத்தம் கேட்டு மாமா எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார். முள் சரிந்துகொண்டிருந்தது. உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த ஒரு நிமிஷத்து நிதானந்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது என்பதை அன்று நாங்கள் அறியவில்லை. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி, இந்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் நள்ளிரவாகிவிட்டது.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டிக்குப் புத்தகங்களில் சம்ப் என்று பெயர். பட்டறைகளில் சேம்பர் என்றுதான் சொல்லுகிறார்கள். தகட்டில் அழுத்திச் செய்த ஒரு தட்டு அது. சுற்றிலும் சிறு போல்ட்டுகளால் எஞ்சினின் அடிப்பாகத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். எங்கள் வண்டியில் அதன் ஒரு மூலை ஒடுங்கி, மடிப்பில் வெடித்திருந்தது.

முதலில் ஒரு பட்டறைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, முன்னச்சு குறுக்கே இருப்பதால் சேம்பர் வெளியே வராது, எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும் என்றார்கள். எட்டு நாள் ஆகும். செலவு 40,000 ரூபாய்க்குக் குறையாது. எஞ்சினை இறக்கிய பிறகு உள்ளே வேறு ஏதாவது இருந்தால் அது தனிக்கணக்கு. தவணை கட்டவேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அருகில் நின்ற ஒரு டிரைவர் வேறு யோசனை சொன்னார்: எம்-சீல் பிசைந்து வெடிப்பின் மேல் வெளியிலிருந்து அப்பிவிட்டால் போதும், ஒரு வருஷம் ஓட்டலாம். மாமாவின் முகத்தில் ஆசை தெரிந்தது. உண்மையைச் சொன்னால், என் முகத்திலும் தெரிந்திருக்கும். நாற்பதாயிரம் எங்கே, நூறு ரூபாய் எங்கே!

அன்று மாலை நாங்கள் போய் நின்றது லிங்கராஜபுரத்து மேஸ்திரியிடம். ரயில் பாதைக்கு அருகே ஒரு சந்தில், தகரக் கொட்டகையில், ஒரு பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர். எழுபது வயது கடந்தவர். பன்னிரண்டு வயதில் கலாசிபாளையத்தில் ஒரு பட்டறையில் ஸ்பானர் துடைக்கிற பையனாகச் சேர்ந்தவராம். அவர் கை பழகியதெல்லாம் அந்தக் காலத்து லாரிகளில். டெல்கோ நிறுவனத்தார் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி கட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டில் சென்னையை அடுத்த எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. டெல்கோவின் ஒப்பந்தம் 1969-இல் முடிந்துபோயிற்று. ஆனால் மேஸ்திரி இன்றைக்கும் அந்த வண்டிகளை 'பென்ஸ்' என்றே சொல்லுகிறார்.

அவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "சேம்பர்தான் ஒழுகுகிறதென்று யார் சொன்னது?" என்று கேட்டார்.

வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறதே என்றார் மாமா.

"வெடிப்பு தெரிகிறது, சரி. அது ஒன்றுதானா என்று பார்க்கவேண்டாமா?"

எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு: மேலே எங்கேயாவது கசிந்தாலும் வழிந்து கீழே வந்து தொட்டியின் மீதுதான் சொட்டும். எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் உள்ள பின்புறத்து சீல் தேய்ந்து ஒழுகினாலும், பார்ப்பவர் கண்ணுக்குத் தொட்டி ஒழுகுவது போலவே இருக்கும். அப்படியானால் தொட்டியைக் கழற்றி மாட்டிப் பயனில்லை, கியர்ப்பெட்டியை இறக்கவேண்டியதுதான். ஆகவே அவர் அடிப்பாகம் முழுவதையும் டீசலால் கழுவித் துடைத்துக் காயவிட்டு, டார்ச் விளக்கை அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பின்புறம் காய்ந்திருந்தது. வெடிப்பு ஒன்றுதான். அதன் பிறகே, "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எஞ்சினை இறக்கவேண்டாம்" என்றார். எம்-சீல் பற்றி மாமா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர அது உதவும். நீங்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டீர்களே" என்று பதில் வந்தது.

நிற்க. தொட்டி ஏன் எளிதில் வெளியே வராது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்களில் எத்தனையோ பேர் லாரியும் டெம்போவும் ஓட்டிப் பிழைக்கிறவர்கள், அவர்களுக்கு உதவலாம். 22 போல்ட்டுகளையும் கழற்றிவிட்டால் தொட்டி இரண்டு விரற்கடை இறங்கும். அதற்கு மேல் இறங்காதபடி கீழே முன்னச்சின் தண்டு குறுக்கே கிடக்கிறது. சரி, பின்னால் இழுத்து எடுக்கலாம் என்றால், தொட்டிக்குள்ளே எண்ணெயை உறிஞ்சும் குழாயும் அதன் நுனியில் சல்லடையும் தொங்கிக்கொண்டு தொட்டியின் சுவரை மறிக்கின்றன. அதையும் தாண்டினால் கிராங்க்கின் முழங்கைகள் தட்டுகின்றன. வேண்டியது மொத்தத்தில் ஐந்து அங்குல இடம். இருப்பதோ இரண்டு.

இந்த இடத்தில் ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு பெருமையைச் சொல்லிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். நம் ரயில் பாதைகளில் நெடுங்காலம் உழைத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின்கள் 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்தன. 1964 முதல் வாரணாசியிலேயே கட்டப்பட்டன. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய யந்திரத்தில் கிராங்க் அறையின் பக்கவாட்டில் வரிசையாகக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். ஷெட்டில் கதவைத் திறந்து, விளக்கைக் காட்டி, பேரிங்குகளைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். எங்கள் லாரிக்கு அப்படிக் கதவு இல்லை. மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "லாரிக்குக் கதவு இதுதான், தரையைப் பார்த்துத் திறக்கிற கதவு" என்று தொட்டியைத் தட்டிக் காட்டினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். எனக்கு விளக்குப் பிடிக்கிற உத்தியோகம். மாமா, "பேனா பிடிக்கிற கை, பார்த்துப் பிடி மச்சான்" என்று பரிகாசம் செய்தார்.

பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தாயிற்று. பாட்டரி இணைப்பைக் கழற்றியாயிற்று. பிறகு ஜாக்கியை அச்சுக்குக் கொடுக்காமல் சட்டத்துக்குக் கொடுத்து வண்டியின் முன்பாகத்தைத் தூக்கினார். இதில்தான் முதல் சூட்சுமம். அச்சைத் தூக்கினால் அச்சும் எஞ்சினும் சேர்ந்தே மேலே போகும், இடம் கிடைக்காது. சட்டத்தைத் தூக்கினால், பட்டைவில்களில் தொங்குகிற அச்சு தன் கனத்தால் கீழே தங்கிவிடும். நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேலேயே இடம் பிறந்தது. தூக்கிய பின் சட்டத்தின் இரு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியை அவற்றின் மேல் இறக்கி, தோளைக் கொடுத்து ஆட்டிப் பார்த்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்ட அவர் யாரையும் விடவில்லை. அவருடைய இடக்கை மோதிர விரலில் பாதிதான் இருக்கிறது. காரணத்தை நான் கேட்கவில்லை.

இரண்டாவது, எஞ்சினைச் சற்றே தூக்குவது. இறக்குவதல்ல, இருந்த இடத்திலேயே தூக்குவது. முன்புறத்து ரப்பர்த் தாங்கிகளின் போல்ட்டுகளை விடுவித்து, புகைக்குழாயின் இணைப்பைப் பிரித்து, முக்காலியில் தொங்கிய சங்கிலிக் கப்பியை எஞ்சினின் முன்வளையத்தில் மாட்டி, இரண்டங்குலம். ஒவ்வொரு கண்ணிக்கும் நிறுத்தி, விசிறி ரேடியேட்டரைத் தொடுகிறதா, ரப்பர்க் குழாய் இழுபடுகிறதா என்று பார்த்தார். இரண்டங்குலம் வந்ததும் இடைவெளியில் வேலமரக் கட்டைகளைச் சொருகி எஞ்சினை அவற்றின் மேல் உட்காரவைத்தார். சங்கிலி இப்போது வெறும் காவல்தான்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்துப்போன யுக்தி. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே இருந்தால் மற்ற இரண்டும் கீழே இருக்கும். கீழே இருக்கிற இரண்டின் முழங்கைகள் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எப்படித் திருப்பினாலும் இரண்டு கீழேதானே என்று நான் நினைத்தேன். மேஸ்திரியோ, முன்புறத்துப் புல்லியின் நட்டில் நீண்ட ஸ்பானரைப் போட்டு மெதுவாகத் திருப்பி, நான்கையும் பாதி வழியில் நிறுத்திவிட்டார். மேலும் இல்லை, கீழும் இல்லை; முழங்கைகள் யாவும் பக்கவாட்டில் படுத்துவிட்டன!

இனிச் சல்லடை ஒன்றுதான். தொட்டியை இறங்குகிற மட்டும் இறக்கி, அந்தச் சந்துக்குள் கையை நுழைத்து, கண்ணால் பாராமலே இரண்டு சிறு போல்ட்டுகளைக் கழற்றினார். சல்லடை தொட்டிக்குள்ளேயே விழுந்தது. தொட்டியைப் பின்னால் இழுத்து, ஒரு பக்கம் சாய்த்து, வெளியே எடுத்தார். மணி பத்தரை. தொட்டி வந்துவிட்டதென்று மாமா பையனைக் காப்பிக்கு அனுப்பினார். என் வரையில் கதை முடிந்துவிட்டதாகவே எண்ணினேன்.

மேஸ்திரி காப்பியைத் தொடவில்லை. தொட்டியின் அடியில் தங்கியிருந்த கறுப்புக் குழம்பை விரலால் வழித்து, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பொடிப்பொடியாக மினுமினுப்பு இருந்தது.

"எஞ்சின் சூடானபின் மெதுவாக ஓடும்போது முள் எங்கே நிற்கும்?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா சற்றுப் பொறுத்து, கொஞ்ச நாளாகவே முள் தாழ்ந்துதான் நின்றது என்றும், யாரோ சொன்னபடி கெட்டியான எண்ணெய் ஊற்றியபின் சரியாகிவிட்டது என்றும் ஒப்புக்கொண்டார். இதை அவர் அக்காளிடமும் சொன்னதில்லை, ஜாமீன்தாரனிடமும் சொன்னதில்லை.

"சரியாகவில்லை, முள்தான் சரியாயிற்று" என்றார் மேஸ்திரி.

பிஸ்டன் தண்டுகளின் அடிமூடியை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எந்த மூடி எந்தத் தண்டுக்குரியது, எந்தப் பக்கம் முன்னால் என்பது மாறிவிடக்கூடாதென்று முதலில் அடையாளம் குத்திக்கொண்டார். மூடிக்குள் பிறை வடிவில் மெல்லிய பேரிங் தகடு. நல்ல நிலையில் அதன் முகம் மங்கிய வெள்ளியாக ஒரே சீராய் இருக்கவேண்டும். முதல் இரண்டும் அப்படித்தான் இருந்தன. மூன்றாவதில் மேல்பூச்சு தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு ஓர் ஓரமாகத் தலைகாட்டியது.

பேரிங் தேய்ந்தால் புதிது வாங்கி மாட்டலாம். அது பெரிய செலவல்ல. ஆனால் அது உட்கார்ந்து சுழலுகிற கிராங்க்கின் கழுத்தில் கீறல் விழுந்திருந்தால், கிராங்க்கைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்கு அனுப்பவேண்டும். அதற்கு எஞ்சினை இறக்கியே தீரவேண்டும். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். நாற்பதாயிரமும் அதற்கு மேலும்.

அந்தக் கழுத்தைத் துணியால் துடைத்துவிட்டு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். "ரயில்வே சார், உள்ளே வாருங்கள். என் விரல் மரத்துப்போயிற்று. உங்கள் நகத்தை இதன்மேல் குறுக்கே இழுங்கள். எங்கேயாவது தட்டுகிறதா சொல்லுங்கள்."

மல்லாந்து படுத்து, தவழ்ந்து உள்ளே போனேன். முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் எஞ்சினின் வயிறு. எண்ணெய் ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. ஆள்காட்டி விரலின் நகத்தை அந்த எஃகின்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரையில் மெதுவாக இழுத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பார்சல் ரசீது எழுதிய கை அது. அதை நம்பி இதுவரையில் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. மாமாவின் கால்கள் இரண்டும் வண்டிக்கு வெளியே அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. மறுபடி இழுத்தேன். கிராங்க்கைக் கால் சுற்றுத் திருப்பச் சொல்லி மூன்றாம் முறையும் இழுத்தேன். கண்ணாடிமேல் போவதுபோல நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"தட்டவில்லை" என்றேன்.

"சத்தியமாகவா?" என்று மாமா கேட்டார்.

மேஸ்திரி தாமும் ஒரு தரம் தடவிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

வெளியிலிருந்து பூசி மெழுகியிருந்தால் அந்தச் செம்பு எங்கள் கண்ணில் பட்டிருக்காது. இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் கிராங்க்கோடு ஒட்டிக்கொண்டு சுழன்றிருக்கும். தண்டு முறிந்து எஞ்சினின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வருவதும் உண்டாம். அந்தக் கல்லைத் திட்டியபடி இருந்த மாமா அதற்குப் பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டார்.

பழைய பேரிங்கின் முதுகில் அளவு பொறித்திருக்கும். அதைப் பார்த்தே புதிது வாங்கவேண்டும். முன்பே கடைசல் பிடித்த கிராங்க்குக்குப் பருமன் கூடிய பேரிங் வேண்டும். திங்கட்கிழமை மாமா ஜே.சி. சாலைக்குப் போய், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்தே ஒரு செட் வாங்கிவந்தார். இதற்கிடையில் தொட்டியின் ஒடுங்கலைத் தட்டி நிமிர்த்தி, வெடிப்புக்குப் பற்றுவைத்தாயிற்று. பற்று சரியாக விழுந்ததா என்று பார்த்த விதம் எளிது. வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, உள்ளே டீசலை ஊற்றி, இரவு முழுவதும் விட்டுவைத்தார்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரிந்துவிடும். எண்ணெயும் சுண்ணமும் வைத்து வெடிப்புத் தேடுவது ரயில்வே பட்டறைகளிலும் பழைய வழக்கந்தான். காலையில் சுண்ணம் வெள்ளையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மாலை, டியூட்டி முடிந்து நேரே கொட்டகைக்குப் போனேன். பேரிங்குகளும் சல்லடையும் ஏறியிருந்தன. தொட்டியின் விளிம்பில், போல்ட்டுத் துளைகளைச் சுற்றி மேடாகியிருந்த இடங்களைத் தட்டிச் சமமாக்கி, புதிய கார்க் பேக்கிங்கை வைத்துத் தூக்கிப் பிடித்தார்கள். போல்ட்டு முடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நகத்தின் வெற்றி என்னைத் துணிய வைத்திருந்தது. பேரேட்டில் வரி வரியாக எழுதிப் பழகியவன் ஆனபடியால், ஒரு மூலையில் தொடங்கி ஒவ்வொன்றையும் இறுக இறுக முடுக்கிக்கொண்டே போனேன். ஒன்பதாவது போல்ட்டில் கார்க் நசுங்கி நாக்கைப்போல் வெளியே நீட்டிற்று.

மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, வேறு பேக்கிங் வரவழைத்து, மறுபடியும் வைத்தார். முதலில் எல்லாப் போல்ட்டுகளையும் விரலாலேயே ஏற்றவேண்டும். பிறகு நடுவில் தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று, அதற்கு எதிரே ஒன்று என்று ஓரங்களை நோக்கிப் போகவேண்டும். அதுவும் ஒரே மூச்சில் அல்ல, மூன்று சுற்றாக. சின்னப் போல்ட்டுக்குச் சின்ன ஸ்பானர். மணிக்கட்டின் பலம் போதும், தோளின் பலம் கூடாது. வீணான பேக்கிங்கின் விலையை நான் கொடுக்க முன்வந்தேன். வாங்க மறுத்துவிட்டார்.

எஞ்சினைத் தாங்கிகளில் இறக்கி, புகைக்குழாயைப் பூட்டி, 8 லிட்டர் புது எண்ணெய் ஊற்றினார்கள். கெட்டி எண்ணெய் அல்ல, அந்த எஞ்சினுக்கு உரியது. உடனே கிளப்பவில்லை. டீசல் போகும் வழியை அடைத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சில விநாடிகள் சுழற்றினார்கள்; புதுப் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேருமுன் எஞ்சின் வேகமெடுக்கக் கூடாது. முள் அசைந்தது. அதன் பிறகே கிளப்பினார்கள். முள் எழுந்து, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய பின்பும், மெதுவாக ஓடும்போதுங்கூட, அது பெரிதாக இறங்கவில்லை. நான் தரையில் படுத்து விளிம்பைச் சுற்றிலும் ஒரு வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்த்தேன். தாளில் கறை இல்லை.

பேரிங், பற்று, எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் ஆயிற்று. அதில் நாலாயிரம் நான் கொடுத்தேன். மாமா அதைக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

எல்லா வண்டியிலும் இப்படிச் செய்ய முடியும் என்று நான் சொல்லவரவில்லை. சில வண்டிகளில் எஞ்சினை இறக்காமல் அந்த ஐந்து அங்குலம் கிடைக்கவே கிடைக்காது. அன்று என் நகம் தட்டியிருந்தால் எங்களுக்கும் அதே கதிதான். அப்போது அந்த முதல் பட்டறைக்காரர்கள் சொன்னதே சரியாகியிருக்கும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எது தடுக்கிறதென்று காட்டச் சொல்லி நாங்களும் அவர்களைக் கேட்கவில்லை.

அன்றிரவே மாமா கோலாருக்குப் புறப்பட்டார். தவணைக்கு ஏழு நாள் மிச்சம் இருந்தது. மறுநாள் ஆபீசில் ரசீது வாங்க வந்த ஒருவர் என் நகக்கண்களில் இருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சோப்புப் போட்டும் அது போகவில்லை. கார்க் பேக்கிங் சூடு கண்டபின் சற்றே தளரும். ஒரு வாரம் ஓடியபின் இன்னொரு சுற்று முடுக்கவேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காள் கொடுத்தனுப்பிய இட்லிப் பொட்டலத்தோடு நான் கொட்டகைக்குப் போனேன். மேஸ்திரி சின்ன ஸ்பானரை என்னிடமே நீட்டினார்.